பூசாத சுவர்

ஏப்ரல் 12, வெள்ளி

காலை எட்டு மணிக்கே வெயில் சுடுகிறது. வெளியே கால் வைக்க முடியவில்லை. உள்ளே ஃபேன் போடாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். மகள் நஸ்ரின் ஆர்க்கிடெக்சர் படித்து முடித்துப் போட்ட முதல் பிளான் இந்த வீடு. செங்கலை நிமிர்த்தி, நடுவில் காலி விட்டுக் கட்டிய சுவர். உள்ளேயும் வெளியேயும் பூச்சு கிடையாது. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே காற்று வர ஓட்டை ஓட்டையாக ஒரு செங்கல் தடுப்பு. சவூதியில் ஏசி அறையில் கிடந்து மூட்டு வலி வாங்கி வந்தவனுக்கு இது சொர்க்கம்.

கூத்தாநல்லூரில் 'பசுமை வீடு' என்று மட்டும் சொல்லக் கூடாது. கவர்மென்டில் ஏழைகளுக்குக் கட்டித் தருகிற வீடு என்று நினைக்கிறார்கள். போன வாரம் ஜும்மா முடிந்து செருப்புத் தேடும்போது பின்னால் ஒரு குரல்: "சவூதி காசெல்லாம் செங்கலோட முடிஞ்சிடுச்சு போல." திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் (இனி மா.வீ.) வருகை. சமோசா சொல்ல வேண்டும். நாற்காலி இரவல். மோட்டாருக்கு வாஷர்.

ஏப்ரல் 14, ஞாயிறு

மா.வீ. திருவாரூரிலிருந்து இரண்டு காரில். பையன் நல்ல மாதிரி, குறை சொல்ல ஒன்றுமில்லை. நஸ்ரினுக்கும் சம்மதம் என்று ஜமீலா சொன்னாள். மனைவி சொன்னால் சரியாக இருக்கும்.

பையனின் பெரியத்தா, அவன் அத்தாவுக்கு அண்ணன், மட்டும் உட்காரவே இல்லை. சுவரைத் தடவினார். விரலைப் பார்த்துக்கொண்டார்.

"பூச்சு வேலை பாக்கி இருக்கும் போல?"

"ஆமாங்க. கொத்தனார் கிடைக்கல. அடுத்த மாசத்துக்குள்ள முடிச்சிடுவோம்."

நான்தான் சொன்னேன். வாய் தவறி வந்தது என்று முதலில் எழுதி அடித்தேன். தவறி வரவில்லை. யோசித்து, சிரித்துக்கொண்டே சொன்னேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நஸ்ரின் தட்டில் கிளாஸ் அடுக்கிக்கொண்டிருந்தாள். காற்று வருகிற வழியில் பேச்சும் போகும். கிளாஸ் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

அவர்கள் போனபின் அவள் கிளாஸ்களைக் கழுவி வைத்தாள். "அத்தா, சாப்பிட வாங்க." அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 16, செவ்வாய்

பெரியத்தா போன். "பூச்சு முடியட்டும், தேதி வச்சுக்கலாம். பந்தலுக்கு வர்றவங்க பாப்பாங்கல்ல."

ஜமீலா: "உண்மையைச் சொல்லிடுங்க. இது இப்படித்தான், எங்க பொண்ணு கட்டினதுன்னு."

"சொன்னா, அன்னிக்கு நான் சொன்னது பொய்னு தெரிஞ்சிடுமே."

"தெரிஞ்சா என்னங்க?"

எழுந்து மோட்டாரைப் பார்க்கப் போனேன். மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது.

தஞ்சாவூர் ஹாஸ்டலுக்குப் போன். அங்கே ஒரு ஆபீசில் நஸ்ரினுக்கு வேலை, வாரக் கடைசியில்தான் வருவாள். விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னேன். "பூசணும்னா பூசுங்க அத்தா. உங்க வீடு." இதுவரை 'நம்ம வீடு' என்றுதான் சொல்வாள்.

ஓட்டு கேட்டு இரண்டு கட்சிக்காரர்களும் வந்தார்கள். சின்னம் வரைய எதிர்வீட்டுச் சுவர் போதுமாம். நம் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல பெயிண்ட் நிக்காது பாய்." இருவரும் அதையே சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்தது இந்த ஒரு விஷயத்தில்தான்.

ஏப்ரல் 19, வெள்ளி

கொத்தனார் செல்வராஜ் ஆளோடு வந்துவிட்டார். முகப்பு மட்டும். ரோட்டிலிருந்து தெரிகிற பக்கம். சிமெண்ட், கம்பி வலை, சாரத்துக்கு மூங்கில்.

"முகப்புக்கு ஆத்து மணல்தான் பாய் எடுப்பா இருக்கும். எங்கேருந்துன்னு கேக்காதீங்க."

கேட்கவில்லை. வெண்ணாற்றில் மணல் லாரியை மறித்து ஊரே ரோட்டில் உட்கார்ந்தபோது நானும் துண்டு விரித்து உட்கார்ந்தவன். கோஷம் போட்டுத் தொண்டை கட்டியது. பூசாமல் விட்டால் அவ்வளவு மணல் ஆற்றிலேயே கிடக்கும் என்று நஸ்ரின் சொன்னதை, நாலு பேரிடம் என் சொந்த யோசனை மாதிரி சொல்லித் திரிந்தவனும் நான்தான். இன்று மணல் வாசலில் கொட்டியதும் அவசரமாகத் தார்ப்பாய் போட்டு மூடினேன். என்னைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

இந்த வாரக் கடைசி நஸ்ரின் வரமாட்டாளாம். ஆபீசில் வேலையாம்.

ஏப்ரல் 24, புதன்

முகப்பு முடிந்தது. வழவழவென்று சாம்பல் நிறம். தெருவில் இருக்கிற எல்லா வீட்டையும் போல. பெரியத்தா ஏதோ வேலையாக இந்தப் பக்கம் வந்தவர் இறங்கிப் பார்த்தார். "இப்பதான் வீடு மாதிரி இருக்கு." அவருக்குச் சந்தோஷம். நோன்புப் பெருநாள் கழித்து நிக்காஹ் என்று பேச்சு.

நானும் சிரித்தேன். ஜமீலா தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வாங்க: புளி, கொசுவத்தி, மூட்டு வலிக்குத் தைலம்.

ஏப்ரல் 27, சனி

நஸ்ரின் காலை பஸ்ஸில் வந்தாள். பையை இறக்காமல் கேட்டில் கொஞ்ச நேரம் நின்றாள். நான் ஜன்னலுக்குப் பின்னால்.

"தண்ணி ஒழுங்கா ஊத்துறீங்களா அத்தா? இந்த வெயிலுக்கு வெடிச்சிடும்."

நேற்று ஊற்றவில்லை என்றேன். வாளியை எடுத்து அவளே மேலிருந்து கீழாக ஊற்ற ஆரம்பித்தாள். நான் செய்கிறேன் என்று வாளியைப் பிடித்தேன். "பரவால்ல, விடுங்க." முகப்பு முழுக்க நனைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும். மதியம் கேட்க நினைத்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் விருந்தாளி. இப்படியே காரணம் தேடுகிறேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

மன்னார்குடியிலிருந்து கணவன் மனைவி, இருவரும் டீச்சர்கள். முன்பின் தெரியாது. போன மாதம் பஸ்ஸில் போகும்போது இந்தச் செங்கல் சுவரைப் பார்த்தார்களாம். "இப்ப தேடுனா அடையாளமே தெரியல சார். பக்கவாட்டுச் சுவரை வச்சுத்தான் கண்டுபிடிச்சோம்." இடம் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். இதே மாதிரி வீடு வேண்டுமாம்.

உட்கார வைத்தேன். அந்த அம்மா சுவரில் கை வைத்தபடியே இருந்தார். "ஏசி போட்டிருக்கீங்களா?" இல்லை என்றேன். கணவரைப் பார்த்துச் சிரித்தார். எனக்குள் ஒரே பரபரப்பு. நஸ்ரின் தனியாக ஆபீஸ் போட நினைப்பவள், முதல் ஆளாக வீடு தேடி வந்திருக்கிறார்கள். இதை வைத்தாவது சரிசெய்துவிடலாம்.

அவள் டீ கொண்டுவந்து வைத்தாள்.

"பிளான் யாரு போட்டது?" என்று அந்த அம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் வாயெடுப்பதற்குள் நஸ்ரின், "திருச்சியில ஒருத்தருங்க. இப்ப எங்க இருக்காருன்னு தெரியல" என்றாள். சாதாரணமாக, தட்டைத் துடைத்துக்கொண்டே. என் பக்கம் திரும்பவில்லை. உள்ளே போய்விட்டாள்.

"நம்பர் ஏதும் இருக்குமாங்க?" என்று மறுபடி என்னிடம்.

டீ ஆறிடும், குடிங்க என்றேன்.