ஓவியத்தில் என் படகு

செவ்வாய், இரவு

உக்ரைனிலிருந்து வந்து எங்கள் கடப்பாக்கத்தில் தங்கியிருக்கும் ஓவியர் ஒக்சானா, கரையில் நின்ற என் படகை வரைந்துகொண்டிருந்தார். பாதியிலேயே நான் படகை எடுத்துக்கொண்டு மீனுக்குப் போக வேண்டியதாயிற்று. மனசே கேட்கவில்லை.

மதியம் திரும்பியதும், "இன்னா மேடம், என் போட் எங்க?" என்றேன். சிரித்துக்கொண்டே, நீலத் தீற்றல்களுக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டினார். கரைப் படகை அழித்துவிட்டு, நான் போனதை வரைந்திருக்கிறார். எனக்கு ஏமாற்றம்தான்.

என் மனைவி மேரி மட்டும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "டெய்லி எனக்கு இப்டித்தான்யா தெரியுது. அப்பால இதுவும் தெரியாது."

இத்தனை வருஷத்தில் இதை அவள் சொன்னதே இல்லை. ராத்திரி குழம்பில் பெரிய துண்டை எனக்கே போட்டாள்.

நாளைக்குக் கொஞ்சம் கிட்டத்திலேயே வலை விடலாம் என்றிருக்கிறேன்.