இரண்டாம் நம்பர் காடு

ஆர்.எஸ்.மங்கலம்
16.3.2009

அன்பு மகள் பூமயிலுக்கு அய்யா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், புனேயில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மாத்திரையை ஒளித்து வைத்துவிட்டுத் தின்றேன் என்கிறாள். கண்மாய் வற்றிவிட்டது. போனில் நீ மேட்டு நிலத்தைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் மழுப்பினேன், வாயால் சொல்லத் தெம்பில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஆவணியில் தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்து, மேட்டில் என்னென்ன மரம், ஊருணி, நிலம் இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் வரைபடம் போட எங்கள் ஐந்து பேருக்குப் பயிற்சி கொடுத்தது உனக்குத் தெரியும். அந்த ஜி.பி.எஸ். கருவியைக் கையில் பிடித்து எல்லையைச் சுற்றி நடந்து, மூலைக்கு மூலை நின்று, அங்கே இருப்பது என்ன என்பதற்கு ஒரு நம்பரை அமுக்க வேண்டும். நான் தடுமாறியபோது நீதான் போனிலேயே சொல்லிக் கொடுத்தாய். கருவியின் முதுகில் தமிழில் சீட்டு ஒட்டியிருந்தார்கள். ஒன்று வயல், இரண்டு காடு, மூன்று ஊருணி, நான்கு மரம். நீயே சொல், கண்மாய்த் தண்ணீர் பாயும் நெல்லுக்குத்தானே நாம் வயல் என்போம், மிளகாய் போடும் மேட்டை என்றைக்காவது அப்படிச் சொன்னோமா? “காட்டுக்குப் போறேன்” என்றுதானே உன் அம்மா தூக்குவாளியை எடுப்பாள். நான் இரண்டை அமுக்கினேன். மேடு முழுக்க இரண்டு.

உன் பிரசவத்தின்போது கூடவே நின்றாளே கருத்தம்மாள், அவளும் அவள் புருஷனும் முப்பது வருஷமாகப் பாடுபட்ட ரெண்டு ஏக்கர் அந்த மேட்டில்தான் இருக்கிறது. அது அரசாங்க நிலம், பட்டா கிடையாது. உழுது பயிர் செய்கிற நிலம் என்று வரைபடத்தில் ஏறினால் பட்டா கேட்க அதுவே ஆதாரம் என்று பயிற்சியில் சொன்னதால், புருஷனும் இல்லாத அவள்தான் எங்களைவிட ஆசையாக இருந்தாள். வெயிலில் கருவியின் எழுத்துத் தெரியவில்லை என்று குடை பிடித்துக்கொண்டே என்னோடு நடந்தாள். ஒவ்வொரு மூலையிலும், “இதும் என் காடுதாண்ணே, நல்லா அமுக்கிப் பதிஞ்சுக்கிருங்க” என்றாள். நானும் நல்லா அமுக்கினேன்.

கார்த்திகையில் வரைபடம் வந்தது. மேடு முழுக்கப் பச்சை. விளைச்சலைத்தான் அப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன், முட்டாள். தையில் அதிகாரிகள் வந்து, பச்சை என்றால் மரம் அடர்ந்த வனம், இங்கே யாரும் உழவில்லை, பட்டா பேச்சுக்கே இடமில்லை என்றார்கள். மாசியில் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். நான் போய்க் கத்தினேன். “கருவியோட நடந்தது நீங்கதான? உங்க பேருதான இருக்கு?” என்று ஒரு சின்ன வயது அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். பயிற்சி கொடுத்தவர்கள் போனை எடுப்பதில்லை. டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால் ஆளுக்கொரு பக்கம் எழுந்து போகிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கருத்தம்மாளின் மிளகாய் பழுத்துச் செடியிலேயே காய்ந்து கிடக்கிறது, பறிக்க விடவில்லை.

என்னை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன வாரம் மகளோடு செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டாள், இந்த வயதில். வீட்டுச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பஸ் ஏறும்போது பழக்கத்தில் என்னிடம், “காட்டைப் பாத்துக்கிருங்கண்ணே” என்றாள். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வருகிற 27ஆம் தேதி மறு அளவை கேட்டு மனுக் கொடுக்க வேண்டும். மேலே போகிற மனு என்பதால் இங்கிலீஷில் இருக்கட்டும் என்கிறார்கள், நீதான் எழுதித் தர வேண்டும். அய்யாவை ஏமாற்றிவிட்டார்கள் என்று எழுதாதே, அமுக்கியது நான். நம் ஊரில் காடு என்றால் உழுத நிலம் என்று எழுது. கருத்தம்மாள் மூலைக்கு மூலை நின்று சொன்னதையும் போடு. அந்த ஒரு சொல்லை மட்டும் இங்கிலீஷாக்காமல் தமிழிலேயே விட்டுவிடு தாயி, ஆக்கினால் மறுபடியும் வனமாகிவிடும்.

பிள்ளைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். மனுவைத் தபாலில் சீக்கிரம் அனுப்பு. அந்தப் போட்டோவைச் சுவரில் மாட்டியிருந்தால் கழற்றிவிடு.

உன் அய்யா,
மூக்கையா