மாடத்தி என்று என்னை எழுதினாய்

சேரப்பணஞ்சேரி
12.8.2024

அன்புள்ள வினோ,

எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போன வாரம் நீ ஆராய்ச்சிக்காக வந்து வீடு வீடாகக் கேள்வி கேட்டபோது, உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பலாமென்றால், வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்ததும் என் போனைத்தான் எடுத்து நோண்டுகிறார். அதனால்தான் பள்ளிக்கூடத்து நாள் மாதிரி இந்தக் காகிதம்.

சித்திரையில் எங்கள் மூன்று மாட்டில் அம்சவல்லி ஏழாம் மாதத்திலேயே கன்று வீசிவிட்டாள். நஞ்சுக்கொடி விழவில்லை. நான்தான் வெறுங்கையால் எடுத்து ஏரிக்கரையில் புதைத்தேன். அப்புறம் எனக்குக் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தது. ஆடி பிறந்ததும் மூன்று மாதக் கரு கலைந்துவிட்டது. கரு தங்கியதே அவருக்குத் தெரியாது. நாலு மாதம் ஆகட்டும், சொல்லலாம் என்றிருந்தேன்.

மாட்டு டாக்டர் மாட்டுக்கு ஊசி போட்டார். நர்ஸம்மா எனக்குச் சத்து மாத்திரை கொடுத்தார். ஏரித் தண்ணீரைச் சோதிக்கவென்று பாட்டிலில் பிடித்துப் போனவர்கள் திரும்பவே இல்லை. ஒருவர் பார்த்ததை இன்னொருவர் கேட்கவில்லை. நீ ஒருத்திதான் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னாடி ஆச்சு ஒனக்கு" என்றாய்.

யாரிடமும் சொல்லிவிடாதே. தெரிந்தால் எல்லப்பன் டீக்கடையில் என் பாலை எடுக்க மாட்டார்கள்.

உன்
மதி

ஹைதராபாத்
25.8.2024

அன்பு மதி,

படித்துவிட்டு அழுதேன். இது கன்று வீச்சு நோய் மாதிரி தெரிகிறது. மாட்டிடமிருந்து நமக்கும் தொற்றும். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய், மாடு கன்று வீசியதையும் சொல்லி, ரத்தம் பார்க்கச் சொல். பால் வாங்குகிறவர்களிடம் பொங்கக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடு.

மேய்ச்சல் நிலமெல்லாம் கம்பெனி வேலிக்குள் போனபின், ஊர் மாடு அத்தனையும் அந்த ஏரிக்கரையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மேய்கின்றன. ஒன்றுக்கு வந்தால் மற்றதற்கும் வரும். மாட்டையும் உன்னையும் ஏரியையும் சேர்த்து வைத்துக் கேட்க ஆள் இல்லை. அதற்குத்தான் நான் படித்த படிப்பு. உனக்கு நடந்ததை அறிக்கையில் எழுதட்டுமா? பெயரை மாற்றிவிடுகிறேன். உன் அம்மாவுக்கே அடையாளம் தெரியாது.

அன்புடன்
வினோ

சேரப்பணஞ்சேரி
20.9.2024

அன்புள்ள வினோ,

நீ சொன்னது சரிதான், அதே நோய். ஆறு வாரத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நீ இல்லையென்றால் சத்து மாத்திரையையே முழுங்கிக்கொண்டு கிடந்திருப்பேன். தாராளமாக எழுது. உன்னை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

உன்
மதி

சேரப்பணஞ்சேரி
17.2.2025

வினோ,

உன் அறிக்கையைத் தமிழில் சுருக்கி, ஊராட்சி அலுவலகத்தில் எல்லோர் கையிலும் கொடுத்தார்கள். மாடத்தி என்று என்னை எழுதியிருந்தாய். நம் பக்கத்தில் மாடத்தி ஏது என்று சிரித்துக்கொண்டேதான் படித்தேன். அடுத்த வரியில், "மாடத்தியின் பசு அம்சவல்லி."

மனுஷிக்குப் பெயர் மாற்றத் தெரிந்த உனக்கு மாட்டுக்கு மாற்றத் தோன்றவில்லையா? இந்த ஊரில் அம்சவல்லி என்று கூப்பிட்டால் என் மாடு ஒன்றுதான் திரும்பும். மனிதரும் மாடும் மண்ணும் வேறுவேறல்ல என்று முதல் பக்கத்தில் நீதானே எழுதியிருக்கிறாய்?

எல்லப்பன் மறுநாளே பால் தூக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என்னிடம் பால் வாங்கிய, வாடகை அறையில் தங்கியிருக்கும் கம்பெனிப் பையன்களும் பாக்கெட் பாலுக்குப் போய்விட்டார்கள். அம்சவல்லியை வியாபாரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். எங்கே என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்காரர் சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "ஊருக்கே தெரிஞ்சிகீது, எனக்குத் தெரில" என்றார், அவ்வளவுதான். இப்போது ஓ.டி. ஓ.டி. என்று கம்பெனியிலேயே கிடக்கிறார்.

காந்திமதி

ஹைதராபாத்
3.3.2025

அன்பு மதி,

நான் செய்தது பெரிய தப்பு. மூன்று பேர் சரிபார்த்தோம். மூன்று பேரும் ஆட்களின் பெயரை மட்டுமே தேடியிருக்கிறோம். எத்தனை முறை போன் செய்தும் நீ எடுக்கவில்லை. திட்டுவதற்காகவாவது எடு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த அறிக்கையால்தான் அடுத்த மாதம் உங்கள் ஊருக்கு முகாம் வருகிறது. மாட்டுக்கும் பெண்களுக்கும் ஒரே நாளில் பரிசோதனை. நீ முன்னால் நின்றால் பெண்கள் வருவார்கள். எனக்காக இல்லை, அவர்களுக்காக.

அன்புடன்
வினோ

சேரப்பணஞ்சேரி
21.4.2025

வினோதினி அவர்களுக்கு,

வணக்கம். முகாம் நடந்தது. பந்தல், நாற்காலி, மைக் எல்லாம் இருந்தது. நீங்கள் சொன்னபடி நான் முன்னால் நின்றேன். வீடு வீடாகவும் கூடவே போனேன். என் முகத்தைப் பார்த்ததும்தான் கதவைச் சாத்தினார்கள். கொல்லையில் கன்று கத்திக்கொண்டிருக்கும்போதே, "எங்க வூட்ல மாடே கெடையாது" என்றாள் ஒருத்தி. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

போன வாரம் ஒரு வீட்டில் மாடு கன்று வீசிவிட்டது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு இப்போது ஐந்தாம் மாதம். என்னைப் போலவே வெறுங்கையால்தான் எடுத்திருக்கிறாள், எனக்கு வந்த காய்ச்சல் அவளுக்கும் வந்துவிட்டது. காஞ்சிபுரத்துக்கு நானே கூட்டிப் போகிறேன், கிளம்பு என்று கையைப் பிடித்து இழுத்தேன். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"போனா எழுதிக்குவாங்கக்கா."

அவள் யார் என்று நீங்கள் கேட்பீர்கள். நான் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு
வ. காந்திமதி