பத்து வருடச் சர்க்கரை

செவ்வாய், இரவு

முக்கூடல் அண்ணாச்சியின் இதய பைபாஸ் ஆபரேஷனுக்குக் காப்பீட்டு நிறுவனம் இன்று ஒப்புதல் மறுத்துவிட்டது. பாலிசி எடுக்கும்முன்பே இருந்த சர்க்கரையை மறைத்தாராம். ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் அவருக்கான விண்ணப்பப் படிவத்தை நிரப்பியது நான்தான். எத்தனை வருடமாகச் சர்க்கரை என்றதற்கு அவர் மனைவி, "அது கெடக்கு பத்து வருசமா" என்றார். நானும் பத்து என்று தட்டிவிட்டேன். இந்த ஊரில் சலிப்பு வந்தால் எல்லாமே பத்து வருடம்தான். எனக்கு அது தெரியாதா?

இன்று அந்த அம்மாவிடம் மறுபடி கேட்டேன். "போன கோயில் கொடை முடிஞ்ச பொறவுதாம்யா தெரியும்" என்று முதல் ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டினார். போன வருடத் தேதி. பாலிசி அதற்கும் நாலு வருடம் முந்தியது. சீட்டோடு, தவறு என்னுடையது என்றும் எழுதி அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.

கிளம்பும்போது அண்ணாச்சி கேட்டார். "நாளைக்கு ஆபரேசன் உண்டும்லா, தம்பி?"

உண்டு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.