எட்டோடு நிறுத்திவிட்டாள்

ஐப்பசி 12, ஞாயிறு

ஏரியில் யார் என்றைக்கு வலை போடலாம் என்று முறை வைக்கும் பாடு பட்டியலில் இருந்து, இன்று ஊர்க்கூட்டத்தில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். இரண்டு வருடமாக மீஞ்சூர் கம்பெனிக்குப் போகிறேனாம், முறைக்கு வருவதில்லையாம்.

வீட்டுக்கு வந்தால், மகள் கோள்களின் பெயரை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். எட்டோடு நிறுத்திவிட்டாள். ஒன்பது இல்லையா என்றேன்.

“புளூட்டோவ எடுத்துட்டாங்க நைனா.”

“இன்னாத்துக்கு?”

“தன் வழிய அது சுத்தமா வச்சிக்கலயாம்.”

“அப்போ அது எங்க போச்சு?”

“எங்கயும் போவல. முன்ன மாதிரியே சூரியனத்தான் சுத்தினு இருக்குது.”

அப்படியென்றால் எதைத்தான் எடுத்தார்கள்? எனக்குப் புரியவில்லை. வலையை மடித்துப் பரணில் போடச் சொல்கிறாள் மனைவி. நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.