மாப்பிள்ளை காலில் அட்டைப் பொடி

2003, ஆவணி, செவ்வாய் இரவு.

ஆத்திரம் அடங்கவில்லை. தங்கை புருஷனின் சர்க்கரைப் புண்ணைக் காட்ட இன்று ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா, சீன வைத்தியத்தில் சேரும் கடல் அட்டையை ஆராய்ந்து, அதன் தோலிலிருந்து புண்ணில் ஒட்டும் மெல்லிய சவ்வு செய்கிறார். அந்த யோசனையே என் பேச்சிலிருந்து பிறந்ததுதான். அட்டை பிடிக்க அரசு தடை போடுமுன் நான் ஏற்றுமதி செய்த அட்டையைத் தின்றுதான் பாதிச் சீனா எழுந்து நடமாடுகிறது.

டாக்டரம்மா கால் கட்டைப் பிரித்தார். உள்ளே பழுப்புப் பொடி. ஒரே அழுகல் நாற்றம்.

"யார் போட்டது இதை?"

"நாந்தாம்மா. மச்சான் சொல்ற சீன மருந்து. வீட்டுல மிச்சம் கெடந்த அட்டைய இடிச்சுப் போட்டேன்" என்றான் மாப்பிள்ளை பெருமையாக.

மடையன். அட்டையை அவித்து, மண்ணில் புதைத்து, மேல்தோலை அழுக வைத்துத்தான் காயப்போடுவோம். என்னோடு குழி தோண்டியவனே அவன்தான். டாக்டரம்மா சுத்தம் செய்து எடுப்பது வேறு, அந்த அழுகல் வேறு என்று தெரிய வேண்டாமா? சவ்வு ஒட்டும் கட்டம் தாண்டிவிட்டதாம். நாளை கட்டைவிரலை எடுக்கிறார்கள்.

"ஏலே மாப்ள, டீக்கடையில நான் ஆயிரம் சொல்லுவேன். அதையெல்லாம் கால்லயா போடுவ?"

"நீங்க பொய்யா சொல்லப்போறீக மச்சான்?"

கூட வந்திருந்த தங்கை என் முகத்தையே பார்க்கவில்லை.

நான் கிளம்பும்போது, பாதிச் சீனா தன் மச்சானால்தான் நடக்கிறது என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் அளந்துகொண்டிருந்தான். "வாய மூடுலே" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்குத் தன்னடக்கம் என்று அவரிடம் சொல்கிறான்.