எல்லாரும் அஞ்சு ஸ்டார் போட்ட ஆப்

பொம்மை யூனிட்டில் அச்சு வேலை செய்யும் செல்விக்குக் கொடுத்திருந்த போன் என் மேசையில் கிடக்கிறது. கண்ணாடி முழுக்கக் காய்ந்த களிமண். ஈரத்துணியால் துடைத்தேன். குப்பென்று மண் வாசனை கிளம்பியது, கூடவே நீங்களும் வந்து நின்றுவிட்டீர்கள். வந்து என்ன செய்ய? நீங்கள் போய் வருஷம் திரும்பிவிட்டது.

விருத்தாசலத்தில் உட்கார்ந்துகொண்டு சென்னைக் கம்பெனிக்கு ஆப் ஸ்க்ரீன் வரைந்து கொடுத்தீர்கள். நான் பீங்கான் பொம்மை யூனிட்டில் சூப்பர்வைசர். அச்சிலிருந்து பொம்மையை எடுக்கிற பெண்கள் தட்டு தட்டாகக் கணக்குச் சொல்ல ஒரு ஆப் வேண்டுமென்று முதலாளி கேட்டதும், நீங்கள் என்ன செய்தீர்கள்? அடுப்பங்கரையில் ஒரு சட்டி நிறையக் களிமண்ணைக் கரைத்து வைத்தீர்கள்.

"சாம்பார் வைக்கிற எடத்துல என்னங்க இது கருமம்?"

"கையை உட்டுட்டு வந்து இதை அமுத்து."

ஈரக் கையில் எந்த விரல் சுத்தமாயிருக்கும்? விரலை மடக்கி முட்டியால்தான் தட்டினேன். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று போய் விழுந்தது. "ச்சே" என்றேன். பின்னால் உட்கார்ந்திருந்த நீங்கள் வாயே திறக்கவில்லை, உதவி செய்யவுமில்லை. எத்தனை ச்சே என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தீர்கள். "புருஷனா, கணக்குப்பிள்ளையா?" என்று கத்தியதற்குச் சிரித்தீர்கள். மறுநாளும் அதே சட்டி, அதே கூத்து. கடைசியில் 'நல்லது' ஒரு ஓரத்திலும் 'உடைசல்' மறு ஓரத்திலும் உள்ளங்கை அகலத்துக்கு வந்தன. தப்பாகத் தட்டினால் திருத்திக்கொள்ள நடுவில் 'மாற்று' என்று ஒன்று.

ஊரில் இத்தனை பேர் இருக்க என் உயிரை ஏன் எடுக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "மத்தவங்களைக் கேட்டா நல்லாருக்குதுன்னு மரியாதைக்குச் சொல்லிடுவாங்க. வரலன்னா, எனக்குத்தான் தெரியலன்னு தன்னையே திட்டிக்குவாங்க. நீ ஒருத்திதான் ஸ்க்ரீனைத் திட்டுவ" என்றீர்கள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

போன மாதம் உங்கள் கம்பெனி அந்த ஆப்பைப் புதிதாக மாற்றியது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பட்டன்கள் சின்னதாக, பக்கத்தில் பக்கத்தில். 'மாற்று' கிடையாது. தட்டியதும் நேரே ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். போட்ட அன்றைக்கு வந்த கம்பெனி ஆட்கள் எல்லாப் பெண்களிடமும் எப்படி இருக்கிறது என்று கேட்டு ஸ்டார் வாங்கிப் போனார்களாம். நான் உங்கள் திதிக்காக லீவு. ஒருத்தி பாக்கியில்லாமல் அஞ்சு ஸ்டார்.

நேற்று செல்வியின் பெயரில் பாதித் தட்டுக்கு மேல் உடைசல் என்று காட்டியது. பொம்மைகள் முழுசாகத்தான் இருந்தன, அதற்குள் சூளைக்கும் போய்விட்டன. எதைக் காட்டி நிரூபிப்பது? முதலாளி கம்ப்யூட்டரைத்தான் நம்பினார். செல்வியிடம் "நாளையிலேருந்து வராத" என்றார். ஆப்பில் கோளாறு என்றேன். "எல்லாரும் அஞ்சு போட்டிருக்காங்களேம்மா?" என்றார். செல்வியாவது வாயைத் திறப்பாள் என்று பார்த்தால், "ஆப்பு நல்லாத்தாங்க இருக்குது. என் கைதான் சரியில்ல" என்கிறாள். நீங்கள் சொன்னது அப்படியே.

இன்று ஆப் எப்படி ஓடுகிறது என்று பார்க்கக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். மரியாதையான பெண். "முன்னைவிட வேகமா பதியுறாங்க மேடம்" என்று ஒரு வரைபடத்தைக் காட்டினாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தெம்பில்லை. நீங்கள் போனதிலிருந்து நான் யாரையும் திட்டவில்லை. நல்லாருக்குதும்மா என்று சொல்லிவிட்டு ஒரு டீயைக் குடித்தால் போதும் என்றிருந்தது. அப்போதுதான் கேட்டுக்கு வெளியே செல்வி நிற்பதைப் பார்த்தேன். வராதே என்று சொன்ன பிறகும் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ் பிடித்துச் சாப்பாட்டுப் பையோடு வந்திருக்கிறாள்.

"ஏம்மா, தப்பைத் திருத்த வழியில்லன்னா சீக்கிரமாத்தான் முடியும். அதுக்குப் பேரு வேகமா? ஏசியில உக்காந்து சுத்தமான விரலால அமுத்திப் பாத்தீங்களா? போ, அந்தக் களிமண் தொட்டில கையை உட்டுட்டு வந்து அமுத்து!"

யூனிட்டே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் முகம் சிவந்தாலும் மறுபேச்சில்லாமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். வந்து 'நல்லது' மேல் தட்டினாள். உடைசல் என்று விழுந்தது. திரும்பத் தட்டினாள். மறுபடியும் உடைசல். மண் கையோடு முதலாளியிடம் போய், "அவங்க மேல தப்பில்ல சார், எங்க மேலதான்" என்றாள். நல்ல பிள்ளை. உங்களுக்குப் பிடித்திருக்கும். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சரி, உள்ள வரச் சொல்லு" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, இந்தப் போடு போட எங்கக்கா கத்துக்கிட்டீங்க?"

குழம்பை அவள் பக்கம் நகர்த்தினேன். யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. நான் கத்தினால் அதில் ஏதோ விஷயம் இருக்கும் என்று ஒரு மனுஷர் இத்தனை வருஷம் பின்னால் உட்கார்ந்து கேட்டார், அவ்வளவுதான். அந்தத் தைரியம் இன்னும் என்னிடம் இருக்கிறது என்பது எனக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்துவிடும். வீட்டுக்குப் போகவே அலுப்பாயிருக்குதுங்க. அங்கே திட்டுவதற்கு ஆளில்லை.